நிலைகொள்ளாத அசைவுக்கு ஆங்கிலச் சொல் தேர்வது எப்படி

மடியில் இருக்கும் கைக்குழந்தை முதுகை வளைத்து நழுவப் பார்க்கிறது. கடைசி பெஞ்சுப் பையன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறான். தேர்வு முடிவு வரும் காலையில் மகள் வாசலுக்கும் அறைக்குமாக நடக்கிறாள். ஈரமண்ணைக் கிளறினால் மண்புழு சுருண்டு புரள்கிறது. தமிழில் பேசும்போது இவற்றை நாம் ஒன்றோடொன்று குழப்புவதில்லை. குழந்தை நெளிகிறது, பையன் நோண்டிக்கொண்டிருக்கிறான், மகளுக்கு இருப்புக்கொள்ளவில்லை, புழு துடிக்கிறது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் நான்கு இடத்திலும் ‘ரெஸ்ட்லெஸ்’ என்று ஒரே சொல்லை எழுதிவிடுகிறோம். இலக்கணப்படி அதில் பிழை இருக்காது. படிக்கிறவர் கண்ணுக்குத்தான் காட்சி தெரியாது.

இந்தக் குறையைச் சரிசெய்வது இந்த அத்தியாயத்தின் வேலை. சுமார் பத்துப் பன்னிரண்டு சொற்கள் போதும். அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்தச் சொல்லை எப்போது எடுப்பது என்ற வரிசை கைக்கு வந்தால் சொற்கள் தாமாகவே நினைவில் தங்கும்.

தொடங்கும் முன்

ஒத்த சொல் பட்டியல்களை இப்போதைக்கு மூடி வையுங்கள். ‘ரெஸ்ட்லெஸ்’ என்று தேடினால் இருபது சொற்கள் ஒரே வரிசையில் வரும். அவற்றுள் சில குழந்தைக்கு, சில குதிரைக்கு, சில பங்குச் சந்தைக்கு. பட்டியல் அந்த வேறுபாட்டைச் சொல்லாது. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்த மாணவர்களின் கட்டுரைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். அறைக்குள் நிம்மதியின்றி நடக்கும் தாயை ‘ரிக்லி’ என்று எழுதியிருப்பார்கள். படிக்கிற ஆங்கிலேயருக்குத் தரையில் நெளியும் ஓர் உருவம்தான் தோன்றும்.

சொல்லைத் தேர்வு செய்யும் வரிசை

1. முதலில் தமிழில் காட்சியைச் சொல்லிப் பாருங்கள். நெளிகிறதா, துடிக்கிறதா, மிரள்கிறதா, படபடப்பா? தமிழ் வினை சரியாக விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. எது அசைகிறது என்று கேளுங்கள். உடல் முழுவதுமா, கைவிரலா, இமையா? உடலே அசையாமல் மனம் மட்டும் அலைகிறதா?

3. ஏன் அசைகிறது என்று கேளுங்கள். பிடியிலிருந்து தப்பவா, அலுப்பா, பயமா, வலியா, வெட்கமா?

4. பார்க்கிறவர் மனநிலையைக் கவனியுங்கள். பிரியத்தோடு பார்க்கிறாரா, எரிச்சலோடு பார்க்கிறாரா? ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் பலவற்றுள் பார்க்கிறவரின் குரலும் ஒளிந்திருக்கிறது.

5. கடைசியாக, அது இயல்பா, இந்த நொடியில் நடப்பதா என்று முடிவு செய்யுங்கள். ‘-இ’ ஒலியில் முடியும் சொல் இயல்பைக் காட்டும். ‘-இங்’ என்று முடிவது இப்போது நடப்பதைக் காட்டும். ‘எ ரிக்லி பேபி’ என்றால் எப்போது தூக்கினாலும் நெளிகிற குழந்தை. ‘எ ரிக்ளிங் பேபி’ என்றால் இதோ இப்போது கையில் நெளிந்துகொண்டிருக்கும் குழந்தை.

ஐந்தில் மூன்றாம் படியைத்தான் பெரும்பாலோர் தாண்டிவிடுகிறார்கள். சொல் தவறிப்போவதும் அங்கேதான்.

உடல் முழுவதும் நெளிகிறபோது

‘ரிக்லி’, ‘ஸ்குவர்மி’, ‘ரைத்திங்’ ஆகிய மூன்றும் இந்தக் குடும்பம். மூன்றிலும் உடல் முறுக்கிக்கொள்கிறது. பிரிப்பது காரணம்.

ரிக்லி என்பது இலேசான சொல். மண்புழு, விலாங்கு மீன், நாய்க்குட்டி, குளிப்பாட்டும்போது கையில் நிற்காத குழந்தை எல்லாம் ரிக்லி. இதில் வலியும் இல்லை, குறையும் இல்லை. ஓர் இடுக்குக்குள் உடலை வளைத்து நுழைவதற்கும் இதன் வினைச்சொல்லான ‘ரிகிள்’ பயன்படும். பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்பவரைச் சொல்ல ‘ரிகிள் அவுட் ஆஃப்’ என்பார்கள். விலாங்கு கையிலிருந்து நழுவுவதை நினைத்துக்கொண்டால் இந்தத் தொடர் மறக்காது.

ஸ்குவர்மி என்பதில் ‘எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை’ என்ற உணர்வு கூடுதலாக இருக்கிறது. பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்த சிறுவன் ஸ்குவர்மி. இந்தச் சொல்லுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு எனக்கு மிகவும் பிடித்தது. சங்கடமான கேள்வி கேட்டால் ‘பதில் சொல்ல முடியாமல் நெளிந்தார்’ என்கிறோம் அல்லவா? ஆங்கிலமும் அதே உருவகத்துக்கு இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. ‘தி கொஸ்டின் மேட் ஹிம் ஸ்குவர்ம்’ என்றால் கேள்வி அவரை நெளியவைத்தது. அவர் உடல் ஓர் அங்குலம்கூட நகர்ந்திருக்க வேண்டியதில்லை. இரு மொழியிலும் இப்படி ஒன்றாக விழும் சொற்கள் குறைவு; கிடைக்கிறபோது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ரைத்திங் கனமானது. வலியிலோ தாங்கமுடியாத வேதனையிலோ உடல் முறுக்கிப் புரள்வது. ‘ரைத்திங் இன் பெயின்’ என்பது வழக்கமான சேர்க்கை. நம் ‘வலியில் துடித்தார்’ என்பதற்கு மிக நெருக்கம். குறும்புக் குழந்தைக்கு இதை எழுதினால் படிக்கிறவர் பதறிவிடுவார். இதற்கு ‘-இ’ என்று முடியும் வடிவம் நடைமுறையில் இல்லை. ஒன்றை நீங்களாக உருவாக்க வேண்டாம்.

குறிப்பு: ‘விக்லி’யை ரிக்லியோடு குழப்பாதீர்கள். விக்லியில் ஒரு பகுதி மட்டும் முன்னும் பின்னுமாகவோ பக்கவாட்டிலோ ஆடும்: கால்விரல், வால், விழப்போகும் பால்பல். அமெரிக்கர் பால்பல்லை விக்லி என்பர். பிரிட்டிஷார் ‘வாப்லி’ என்பர். இரண்டும் சரி.

கையும் காலும் சும்மா இராதபோது

இங்கே நாயகச் சொல் ‘ஃபிஜிட்டி’. உடல் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். விரல் தட்டும், கால் ஆடும், கை எதையாவது நோண்டும். காரணம் பெரும்பாலும் அலுப்பு, சில நேரம் பதற்றம். 2017-இல் உலகமெங்கும் பிள்ளைகள் கையில் சுழன்ற பொம்மைக்கு ‘ஃபிஜிட் ஸ்பின்னர்’ என்று பெயர் வந்தது இதனால்தான். விரலுக்கு வேலை கொடுக்கும் பொருள் அது.

ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹோஃப்மன் தம் சிறுமகனுக்காக எழுதி 1845-இல் வெளியிட்ட படக்கதை நூலின் பிந்தைய பதிப்பில், சாப்பாட்டு மேசையில் நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருந்து மேசைவிரிப்போடு விழும் ஒரு பையன் வருவான். ஆங்கிலத்தில் அவன் பெயர் ‘ஃபிஜிட்டி ஃபிலிப்’. அந்தப் பையனை நினைவில் வைத்துக்கொண்டால் சொல்லின் அளவும் தெரியும், அதில் இருக்கும் கண்டிப்பும் தெரியும்.

அந்தக் கண்டிப்பில்தான் தமிழர் பலர் தடுக்கி விழுகிறோம். ‘என் பிள்ளை துறுதுறுவென்று இருப்பான்’ என்று பெருமையாகச் சொல்ல நினைத்து, பள்ளி விண்ணப்பத்தில் ஃபிஜிட்டி என்று எழுதிவிடுகிறோம். படிக்கும் ஆசிரியருக்கு அது புகாராகத் தெரியும்: ஓரிடத்தில் உட்காரமாட்டான், கவனம் இருக்காது. துறுதுறு என்பதில் இருக்கும் மகிழ்ச்சி ஃபிஜிட்டியில் இல்லை. அந்த இடத்தில் ‘லைவ்லி’ என்று எழுதுங்கள்.

இரட்டைக்கிளவிகளை இப்படித் தனித்தனியாக எடை பார்க்கப் பழகுங்கள். துறுதுறு, படபட, வெடவெட, பரபர என ஒவ்வொன்றிலும் நாம் அசைவோடு உணர்ச்சியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது எந்த உணர்ச்சி என்பதை முதலில் பிரித்தெடுத்தால்தான் சொல் கிடைக்கும்.

உள்ளே படபடக்கிறபோது

இந்தச் சொற்களில் அசைவு குறைவு, பதற்றம் அதிகம்.

‘ஜிட்டரி’ என்றால் படபடப்பு. காலி வயிற்றில் மூன்று டம்ளர் காபி குடித்தால் கை நடுங்கும் அல்லவா, அது. 1930-களின் அமெரிக்கப் பேச்சு வழக்கிலிருந்து பரவிய சொல். ‘ஜிட்டரி அபௌட்’ என்று எதைப் பற்றிய பதற்றம் என்பதைச் சேர்க்கலாம். வணிகச் செய்திகளில் ‘ஜிட்டரி மார்க்கெட்ஸ்’ என்பது அன்றாட வழக்கு. கணினித் துறையில் இருப்பவர்கள் ‘ஜிட்டர்’ என்ற பெயர்ச்சொல்லை ஏற்கெனவே அறிவார்கள்: இணைய அழைப்பில் தகவல் பொட்டலங்கள் சீரற்ற இடைவெளியில் வந்து குரல் உடைவது.

‘ஜம்ப்பி’ என்றால் சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும் நிலை. துள்ளிக் குதிக்கும் குழந்தைக்கு இது பொருந்தாது.

‘ஸ்கிட்டிஷ்’ என்பதற்குத் தமிழில் அழகான இணை இருக்கிறது: மிரளும் மாடு. பழகாத ஆளைக் கண்டால் ஒதுங்கும் குதிரை, கிட்டே போனால் ஓடும் பூனை, பணம் போடத் தயங்கும் முதலீட்டாளர் எல்லாம் ஸ்கிட்டிஷ்.

‘ஆன்ட்ஸி’ அமெரிக்கப் பேச்சுச் சொல். காத்திருந்து பொறுமை போன நிலை. உடைக்குள் எறும்பு புகுந்தவர்போல இருப்பதாக ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு. அந்த எறும்புதான் இதிலும் ஊர்கிறது. நண்பருக்கு எழுதும்போது நன்றாக இருக்கும். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம்.

‘ட்விட்ச்சி’ என்பது தசை திடீர் திடீரென்று வெட்டி இழுப்பதற்கும், அதுபோலப் பதற்றமாக இருப்பதற்கும்.

ரெஸ்ட்லெஸ்: எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் தவறும் சொல்

இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ‘ரெஸ்ட்’ என்றால் ஓய்வு, ‘லெஸ்’ என்றால் இல்லாத. ஆகவே ‘ஓய்வில்லாமல்’ என்று நாம் பிரித்துவிடுகிறோம். ‘மூன்று நாளாக ஓய்வில்லாமல் வேலை செய்தேன்’ என்பதை ‘ஐ வொர்க்ட் ரெஸ்ட்லெஸ்லி’ என்று எழுதும் பழக்கம் இப்படித்தான் வந்தது. படிக்கிறவருக்கு, வேலையில் மனம் ஒட்டாமல் நிலைகொள்ளாது தவித்தீர்கள் என்றே பொருள்படும். நீங்கள் சொல்லவந்தது உழைப்பு. அதற்கு ‘வித்தவுட் எ பிரேக்’ என்று எழுதுங்கள். ஒருவரைப் புகழ ‘டயர்லெஸ்’ இருக்கிறது.

ரெஸ்ட்லெஸ் என்பதன் சரியான தமிழ் ‘இருப்புக்கொள்ளாத’. ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, ஒன்றில் மனம் நிற்கவில்லை. ‘எ ரெஸ்ட்லெஸ் நைட்’ என்றால் தூக்கம் பிடிக்காமல் புரண்ட இரவு. புரண்டது ஆள், அடைமொழி இரவுக்குப் போய்விட்டது. ‘ரெஸ்ட்லெஸ் ஃபார் சேஞ்ச்’ என்றால் மாற்றத்துக்காகத் துடிப்பது. கெட்ட பொருளில் மட்டும் வருவதில்லை: ‘எ ரெஸ்ட்லெஸ் மைண்ட்’ என்று ஓர் அறிஞரைச் சொன்னால் அது பாராட்டு.

இதன் பக்கத்து வீட்டுக்காரர் ‘ரெஸ்டிவ்’. ஒலியை வைத்து ‘ஓய்வான’ என்று நினைத்துவிடாதீர்கள். பொருள் ஏறத்தாழ எதிர்த்திசை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்த இச்சொல், நகர மறுத்து நின்றுவிடும் குதிரைக்கு வழங்கியது. நம் ஊர்ச் சண்டிமாடுதான் அது. கட்டுக்கு அடங்க மறுக்கும் அந்தக் குணத்திலிருந்து, காக்கவைத்ததால் பொறுமையிழந்து முணுமுணுக்கும் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ‘தி க்ரவுட் க்ரூ ரெஸ்டிவ்’ என்று செய்தித்தாளில் பார்த்தால், அடுத்த வரியில் சலசலப்பு வரும் என்று எதிர்பார்க்கலாம்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- ‘ஷிஃப்ட்டி’ என்பதை இடம் மாறி மாறி உட்காருபவருக்குப் பயன்படுத்துவது. அதன் பொருள் நம்பத்தகாத, ஏதோ மறைக்கிற ஆள். சக ஊழியரைப் பற்றி எழுதினால் பகை வரும்.
- புழுபோல நெளிவதற்கு ‘வார்மி’ என்பது. அது புழு அரித்த, புழு விழுந்த பழத்துக்கு உரியது.
- ‘ஷேக்கி’யைத் துடிப்பானவருக்கு எழுதுவது. நடுக்கம், உறுதியின்மை இரண்டுக்குமே அது பொருந்தும். ‘ஷேக்கி இங்கிலீஷ்’ என்றால் தட்டுத்தடுமாறும் ஆங்கிலம்.
- மலைச்சாலைக்கு ரிக்லி என்பது. கொல்லிமலைப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை வெளியூர் நண்பருக்கு விவரித்தால் ‘வைண்டிங்’ என்று சொல்லுங்கள். ‘ஸ்குவிக்லி’ என்பது தாளில் வளைந்து நெளியும் கோட்டுக்கு; கணினியில் எழுத்துப்பிழைக்கு அடியில் வரும் சிவப்புக் கோடு அப்படிப்பட்டது.
- மாற்றத்தைச் சொல்லும் இடத்திலும் ‘இஸ்’ போட்டு நிறுத்திக்கொள்வது. முதலில் அமைதியாக இருந்தவர் பிறகு நிலைகொள்ளாமல் ஆனார் என்றால் ‘காட் ஃபிஜிட்டி’, ‘க்ரூ ரெஸ்ட்லெஸ்’ என்று எழுதுங்கள்.

மருத்துவரிடம் சொல்லும்போது: கவனம்

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்ட வேண்டாம். வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ மருத்துவரிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டி வரும்போது, இந்தக் குடும்பத்தில் ஒரு தவறான சொல் சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடும்.

1. அடைமொழியை விட்டு வினைச்சொல்லுக்குப் போங்கள். எந்த உறுப்பு, எப்படி, எவ்வளவு நேரம், எத்தனை முறை என்று சொல்லுங்கள். கண் துடித்தால் ‘மை ஐலிட் கீப்ஸ் ட்விட்ச்சிங்’ என்பது போதும்.

2. மாலையிலும் இரவிலும் படுத்தபின் காலில் இனம்புரியாத உளைச்சல் ஏற்பட்டு, காலை அசைத்தால்தான் அடங்குகிறது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம் 1940-களில் விவரித்த ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்ற நிலையாக அது இருக்கலாம். இரும்புச் சத்துக் குறைவோடும் அதற்குத் தொடர்புண்டு. ‘கால் வலி’ என்று மட்டும் சொன்னால் மருத்துவர் வேறு எதையோ தேடுவார்.

3. புதிதாக ஒரு மாத்திரை தொடங்கியபின் உட்காரவே முடியாத தவிப்பு வந்தால், ‘ரெஸ்ட்லெஸ்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். மனக்கவலை என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. ‘இந்த மாத்திரை தொடங்கியதிலிருந்து உட்கார முடியவில்லை’ என்று மாத்திரையையும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனநோய்க்கான சில மருந்துகளும் வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோப்ரமைட் போன்றவையும் ‘அக்கதீசியா’ என்ற இந்த விளைவைத் தரலாம். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு ‘உட்கார இயலாமை’ என்றே பொருள். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் பேசுங்கள்.

4. கைக்குழந்தையின் மருத்துவ அறிக்கையில் ‘ரைத்திங்’, ‘ஃபிஜிட்டி’ என்று கண்டால் பயப்பட வேண்டாம். ஹைன்ஸ் பிரெக்டல் வகுத்த அசைவு மதிப்பீட்டு முறையில் இவை கலைச்சொற்கள். பிறந்து முதல் சில வாரங்களில் இயல்பாகக் காணும் மெதுவான நெளிவு முதலாவது. ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மாத வயதில் கை, கால், கழுத்தில் காணும் சின்னச் சின்ன அசைவு இரண்டாவது. அங்கே ஃபிஜிட்டி அசைவு இருப்பதே நல்ல அறிகுறி. அது காணப்படாவிட்டால்தான் மருத்துவர்கள் மேலும் ஆராய்வார்கள்.

5. ஒருவர் நினைவிழந்து உடல் வெட்டி இழுக்கிறது என்றால் சொல் தேடி நிற்க வேண்டாம். உடனே அவசர ஊர்தியை அழையுங்கள், தமிழ்நாட்டில் 108.

உச்சரிப்பு

ரிகிள், ரைத் இரண்டிலும் முதலெழுத்தான டபிள்யூ ஒலிக்காது, விகிளில் ஒலிக்கும். ரைத்தின் கடைசி ஒலிக்கு, ‘அது’ என்று சொல்லும்போது நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் வரும் மெல்லிய தகரம் ஏறக்குறைய பொருந்தும். ‘பத்து’ போல அழுத்தினால் தவறு. ஃபிஜிட்டியை எழுதும்போது ‘ஜி’ எழுத்துக்கு முன் ‘டி’ எழுத்து உண்டு. சொல்லும்போது அதைத் தனியே ஒலிக்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

விடையைப் பார்க்காமல் முதலில் ஐந்து படிகளையும் ஓட்டிப் பாருங்கள்.

1. முடி வெட்டும் கடையில் உயர நாற்காலியில் உட்காரவைத்த குழந்தை, கத்தரி அருகில் வரும்போதெல்லாம் உடலை முறுக்குகிறது.
2. மூன்று மணி நேரம் தாமதமான ரயிலுக்காகக் காத்திருக்கும் பயணிகளிடையே முணுமுணுப்பு எழுகிறது.
3. பட்டாசு வெடித்ததிலிருந்து தெருநாய் யார் அருகில் வந்தாலும் ஒதுங்கி ஓடுகிறது.
4. கூட்டத்தில் மேலாளர் கணக்குக் கேட்டதும் பொருளாளர் பதில் சொல்ல முடியாமல் விழிக்கிறார்.
5. உங்கள் பாட்டி எண்பது வயதிலும் ஓய்வின்றித் தோட்டத்தில் உழைக்கிறார்.

விடைகள்: முதலாவது ஸ்குவர்மி, பிடிக்காத இடத்திலிருந்து தப்பும் முயற்சி அது. இரண்டாவது ரெஸ்டிவ். மூன்றாவது ஸ்கிட்டிஷ், ஜம்ப்பி என்று எழுதியிருந்தாலும் ஏற்கலாம், ஆனால் ஒதுங்கி ஓடுவதை அது காட்டாது. நான்காவதில் அடைமொழியை விட ஸ்குவர்ம் என்ற வினைச்சொல் நன்றாக உட்காரும். ஐந்தாவதில் இந்த அத்தியாயத்தின் அசைவுச் சொல் எதுவும் வேண்டாம், பாட்டி டயர்லெஸ்.